கல் கிடைக்காத சமவெளியில் சைக்கிள்

காரைக்காலில் வாழும் நண்பர் ஒருவரிடம், "உங்கள் ஊர் மண்ணில் விளைந்த கல் ஒன்றை எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சற்றுத் திகைத்துப் போவார். செங்கல் துண்டு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். வீடு கட்ட லாரியில் வந்து இறங்கிய கருங்கல் ஜல்லி கிடைக்கும். இரயில் பாதை ஓரத்தில் தேடினாலும் கிடைக்கும். ஆனால் அந்த மண்ணிலேயே பிறந்த கல், நெல்லிக்காய் அளவுக்குக்கூட, அகப்படுவது அரிது. வயலைத் தோண்டினால் களிமண். மேலும் தோண்டினால் மணல். அதன் கீழே மறுபடியும் களிமண். ஊரின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் ஈற்றில் நிற்பது 'கல்' அன்று, 'கால்'. வாய்க்காலில் வருகின்ற அதே கால் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கல்லைப் பற்றிய இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கிறீர்களா? மேலை நாடுகளில் கடந்த இருபது ஆண்டுகளாகச் 'சரளைச் சைக்கிள்' பயணம் பெரிதும் பரவியிருக்கிறது. தார்ச் சாலையை விட்டு விலகி, காடுகளுக்கும் ஏரிகளுக்கும் ஊடே செல்லும் சரளைப் பாதைகளில் நெடுந்தொலைவு செல்வதே இப்பயணம். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சரளைச் சாலைகளிலேயே 200 மைல் ஓடும் பந்தயம் ஒன்று தொடங்கியது. 2022இல் இதற்கென்றே முதல் உலகச் சாம்பியன் போட்டி இத்தாலியில் நடந்தது. அதற்கான சைக்கிள்கள் இப்போது நம் நகரக் கடைகளிலும் நிற்கின்றன. விலை பல பத்தாயிரம் ரூபாய். "கிராவல் பைக், முற்றிலும் புதிய வகை" என்று விளம்பரம் சொல்கிறது.

உண்மையில் அது புதியதுதானா? இக்கேள்விக்கு விடை காண, சரளையே இல்லாத காரைக்காலில் தொடங்கி, சரளை விளைகின்ற புதுக்கோட்டை வரை நாம் ஒரு பயணம் செய்து பார்ப்போம். பாதி மண்ணின் வரலாறு. மீதி சக்கரத்தின் வரலாறு.

ஆறு என்னும் சல்லடை

குடகு மலையில் புறப்படும் காவிரி சுமார் 800 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. மலையில் ஓடும்போது அதன் வேகம் மிகுதி. உருண்டைக் கற்களைக்கூட உருட்டிக்கொண்டு வரும் வலிமை அதற்கு அங்கே உண்டு. சரிவு குறையக் குறைய வேகமும் குறைகிறது. முதலில் பெரிய கல்லைக் கீழே போடுகிறது, பிறகு கூழாங்கல், பிறகு பெருமணல், பிறகு நுண்மணல். கடைசியில் மிதந்து வரும் வண்டல் மட்டுமே மிஞ்சுகிறது. தஞ்சாவூரிலிருந்து கடற்கரை வரை நிலத்தின் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராசனாறு என்று காரைக்கால் பகுதியை ஊடறுத்துச் செல்லும் ஆறுகள் அந்தச் சல்லடையின் கடைசி வலையைத் தாண்டி வந்தவை. அவற்றால் கல்லைக் கொண்டுவர முடியாது.

அவை கொண்டுவந்த களிமண்ணுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் உள்ள ஸ்மெக்டைட் என்னும் கனிமம் மெல்லிய தகடுகளின் அடுக்கு போன்றது. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் அடுக்கு பருக்கிறது. நீர் வற்றினால் சுருங்குகிறது. சித்திரை மாதத்தில் காவிரிப் படுகையின் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மண் ஐப்பசியில் சைக்கிள் சக்கரத்தை என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்தாம் அறிவர். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பி, ஒரு பர்லாங்கு தூரம் போவதற்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். பிறகு மனிதன் சைக்கிளில் போவதில்லை. சைக்கிள் மனிதன் தோளில் ஏறிக்கொண்டு போகும். இந்தக் கட்டுரையாளனும் சிறு வயதில் அப்படிச் சுமந்தவன்தான்.

ஆகவே இந்தச் சமவெளியில் இயற்கையாக அமைந்த பாதை எது? ஆற்றங்கரைதான். வெள்ளத்தைத் தடுக்க மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை வயலைவிட மேடாக இருக்கும். மேடு என்பதால் நீர் வடியும். ஆற்றிலிருந்து வாரிப் போட்ட மண்ணில் மணல் கலந்திருப்பதால், களி அளவுக்கு அது வழுக்காது. மாடும் மனிதரும் நடந்து நடந்து அது இறுகியும் போகும். நெடுஞ்சாலைகள் வருவதற்கு முன்பும், வந்த பிறகும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கரையோடு கரையாகப் போவதே டெல்டா மக்களின் வழக்கம். இன்று வெளிநாட்டில் சரளைச் சைக்கிளோட்டிகள் வரைபடம் வைத்துத் தேடுகின்ற பாதை இது போன்றதே: வாகன நெரிசல் இல்லை; ஒரு பக்கம் தண்ணீர்; மறுபக்கம் மரமும் வயலும்.

கல்லுக்கு ஏங்கிய சாலைகள்

ஆனால் கரைப் பாதை ஆற்றின் திசையிலேயே போகும். மேற்கும் கிழக்கும் போக அது உதவும். வடக்கும் தெற்கும் போக உதவாது. ஆறுகளைக் குறுக்கே கடக்கும் பெருவழிகள் வேண்டும். அவற்றுக்குக் கல் வேண்டும்.

காரைக்கால் 1739இல் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் போர்களினால் ஆங்கிலேயர் கைக்கு மாறுவதும் திரும்புவதுமாக இருந்து, 1817இல் இறுதியாகப் பிரான்சிடம் சேர்ந்தது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டம். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சாலை போடும் கலையில் அக்காலத்தில் உலகுக்கே முன்னோடி பிரான்சுதான். 1747இலேயே பாரிஸ் நகரில் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான பொறியியல் பள்ளியைத் தொடங்கியவர்கள் அவர்கள். 1775இல் திரெசாகே என்ற பொறியாளர், அடியில் பெரிய கல், அதன்மேல் சிறிய கல், எல்லாவற்றுக்கும் மேலே கடினமான சிறு ஜல்லி என்று மூன்று அடுக்குச் சாலையை வகுத்தார். நடுவில் சற்று மேடாகவும் இரு ஓரங்களில் தாழ்வாகவும் அமைத்து, மழைநீர் நிற்காமல் வடியச் செய்தார். எல்லாம் சரி, அந்த அறிவையெல்லாம் வைத்துக்கொண்டு, கல்லே இல்லாத ஒரு மூலையில் என்ன செய்வது?

ஸ்காட்லாந்து நாட்டவரான மக்காடம் பிறகு இதை இன்னும் எளிதாக்கினார். அடியில் பெருங்கல் தேவையில்லை என்றார் அவர். சாலையின் பாரத்தை உண்மையில் தாங்குவது அடியிலுள்ள மண்தான். அதை ஈரமாகாமல் காத்தால் போதும். அதற்கு, ஏறக்குறைய 170 கிராம் எடைக்கு மேற்படாத உடைகற்களைப் பரப்ப வேண்டும். உருண்டைக் கல் உதவாது. உடைத்த கல்லின் முனைகளே ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். இந்த முறைதான் நம் நாட்டில் 'கப்பி ரோடு' ஆயிற்று. கப்பியைப் பரப்பி, செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளையை ஓட்டி இறுக்கிய சாலைகளை நம் பாட்டன்மார் அறிவார்கள். மக்காடத்தின் பெயரே ஆங்கிலத்தில் அவ்வகைச் சாலைக்குப் பெயராகிவிட்டது.

ஆனால் நம் நாட்டில் கப்பி ரோட்டுக்கு ஒரு பகைவன் இருந்தான். இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரங்கள், ஆளுக்கு 500 கிலோ. பட்டையின் அகலம் 5 செ.மீ.; கெட்டியான தரையில் அது நீளவாட்டில் 2 செ.மீ. அளவு தொட்டால், தொடும் பரப்பு 10 சதுர செ.மீ. அப்படியானால் சதுர செ.மீ. ஒன்றுக்கு 50 கிலோ அழுத்தம்! இவ்வழுத்தத்தில் கப்பி நொறுங்கித் தூளாகும். தூள் மழையில் கரைந்து ஓடும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் போவதால், இரண்டு பள்ளங்கள் மட்டும் ஆழமாகிக்கொண்டே போகும். மேட்டு நிலத்தில் பக்கத்துப் பாறையை உடைத்துப் பள்ளத்தை நிரப்பிவிடலாம். டெல்டாவிலோ ஒவ்வொரு வண்டிக் கல்லும் தொலைவிலிருந்து வர வேண்டும். அதைக் கொண்டுவரும் வண்டியும் அதே சாலையை நொறுக்கிக்கொண்டுதான் வரும்!

இரயில் வந்த பிறகு இந்தச் சங்கடம் ஓரளவு குறைந்தது எனலாம். கல் போன்ற கனமான பொருளைச் சுமக்க இரயிலைப் போல ஏற்றது வேறில்லை. தஞ்சாவூர் மாவட்டக் கழகம் மக்களிடம் வரி திரட்டிப் போட்ட மாயூரம்–முத்துப்பேட்டைப் பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து பிரிந்து பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு ஒரு கிளை 1898இல் வந்தது. அந்தக் கிளை 1980களில் நிறுத்தப்பட்டு, நெடுங்காலம் கழித்து அகலப் பாதையாக மீண்டும் போடப்பட்டது தனிக்கதை.

பாரிசிலிருந்து புறப்பட்ட சக்கரம்

இனி சக்கரத்துக்கு வருவோம். காரைக்கால் பிரான்சிடம் திரும்பிய அதே 1817ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை முன்பின்னாக இணைத்து, தரையைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டினார். 1860களில் பாரிசில் மிஷோவின் பட்டறையிலிருந்து, முன்சக்கரத்தில் மிதிகட்டை பூட்டிய வண்டிகள் வெளிவந்தன. அதற்கும் இரும்புப் பட்டைதான். கரடுமுரடான சாலையில் அது உடம்பைக் குலுக்கிய குலுக்கலில் ஆங்கிலேயர் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். 1869இல் பாரிசிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. வென்றவருக்கு ஆன நேரம் பத்து மணிக்கு மேல். அதாவது, நல்ல ஓட்டக்காரர் ஒருவர் காலால் ஓடியே ஏறக்குறைய அந்த வேகத்தை எட்டியிருப்பார்.

இந்தக் குலுக்கலை நீக்கியவை இரண்டு. 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிள் ஒன்று. ஒத்த அளவுள்ள இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய உருவம் அதில் வந்துவிட்டது. மற்றொன்று 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குப் பூட்டிய காற்றடைத்த ரப்பர்க் குழாய். ஆனால் பஞ்சர் ஆனால்? ரிம்மோடு ஒட்டப்பட்ட டயரைப் பிரிப்பதும் ஒட்டுவதும் பெரும்பாடு. 1891இல் பிரான்சின் மிஷ்லேன் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். அதே ஆண்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், அந்த டயரைப் பூட்டிய டெரோன் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். எலும்பு குலுக்கி ஓடிய அதே வகைச் சாலைகள்தாம். வேகமோ, உறங்காமல் மூன்று நாள் ஓட்டியும், மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல்!

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று தார்ச் சாலை என்பதே அநேகமாக இல்லை. எல்லாச் சைக்கிளும் சரளைச் சைக்கிளே. 1903இல் தொடங்கிய புகழ்பெற்ற பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயமும் புழுதிச் சாலைகளில்தான் ஓடியது. நல்ல சாலை வேண்டும் என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலில் கூட்டம் கூட்டிக் குரல் கொடுத்தவர்கள் மோட்டார்க்காரர்கள் அல்லர். அவர்களுக்கு முன்பே சைக்கிள்காரர்கள்! அவர்கள் கேட்ட சாலை கிடைத்தது. கிடைத்ததும் அதை மோட்டார் எடுத்துக்கொண்டது. வழவழப்பான தார் வந்தபின் பந்தயச் சைக்கிளின் டயர் மெலிந்துகொண்டே போய், 1990களில் 23 மில்லிமீட்டர் அகலம் வரை இறங்கிற்று. அந்த டயரோடு சரளையில் இறங்க முடியாது. ஆகவேதான் இந்த நூற்றாண்டில் 38 முதல் 45 மி.மீ. வரை அகலமுள்ள டயரைப் பூட்டி, 'புதிய வகை' என்று பெயர் சூட்ட வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று இருந்தால் அதன் டயரின் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 28 × 1½ என்று இருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது 38 மி.மீ. விஷயம் புரிகிறதல்லவா? 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் ஆகட்டும், வட இந்தியாவிலிருந்து வந்த அட்லஸ், ஹீரோ ஆகட்டும், நம் ஊர்களில் பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்த கறுப்புச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இந்த அளவுதான். ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக் கப்பி ரோட்டுக்கென்று வகுத்த அளவு அது. அவர்கள் அதைக் கைவிட்டார்கள். நம் சாலைகள் மாறாததால் நாம் கைவிடவில்லை.

அகலமான டயர் ஏன் உதவுகிறது? சைக்கிள் 20 கிலோ, அதில் அமர்பவர் 60 கிலோ, ஆக 80 கிலோ என்போம். டயரில் சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தத்தில் காற்று அடைத்திருந்தால், இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 80ஐ 3ஆல் வகுத்தது போல, அதாவது சுமார் 27 சதுர செ.மீ. இருக்கும். மெல்லிய பந்தய டயரில் 7 கிலோ அழுத்தம் வேண்டும். பரப்பு 11 சதுர செ.மீ.தான். சரளைமேல் போகும்போது, கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் ஏறி இறங்குகிறது. உங்கள் எடை முழுவதையும் ஒவ்வொரு முறையும் நீங்களே தூக்குகிறீர்கள் என்று பொருள். அந்த உழைப்பு குலுக்கலாக வீணாகிறது. காற்றுக் குறைந்த அகல டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு நகர்கிறது; வண்டி மட்டமாகவே போகிறது. மாட்டு வண்டிப் பட்டையின் 50 கிலோ அழுத்தத்தோடு இந்த 3 கிலோவை ஒப்பிட்டால், சைக்கிள் சாலையை ஏன் கெடுப்பதில்லை என்பதும் விளங்கும். ஈரக் களிமண்ணில் மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே நடந்து போவதே மேல்.

கறுப்பு மண்ணிலிருந்து சிவப்பு மண்ணுக்கு

காரைக்காலிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்க்கத்தக்க திசைகள் இரண்டு. ஒன்று தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரை வரை. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் வந்து சேர்ந்த ஊர் வேதாரண்யம். கோடிக்கரையில் உலர் பசுமைமாறாக் காடும், வெளிமான்களும், வலசைப் பறவைகள் இறங்கும் சதுப்பு நிலமும் உண்டு. 1967 முதல் அது சரணாலயம் என்பதால் வனத்துறையின் அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும்.

மற்றது மேற்கே. நம் கதைக்கு உரியது இதுவே. திருநள்ளாறு, திருவாரூர், மன்னார்குடி கடந்து தஞ்சாவூர். அங்கிருந்து தெற்கே கந்தர்வக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டை. மொத்தம் 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். மன்னார்குடிக்கும் தஞ்சைக்கும் இடையில் வடுவூர் ஏரி இருக்கிறது. ஆற்றுநீர் வந்து நிரப்புகின்ற இந்த ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாகவும், 2022இல் பன்னாட்டுச் சிறப்புள்ள ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மார்கழியில் போனால் ஏரிக்கரையில் இறங்கி உட்கார்ந்துவிடுவீர்கள். பயணம் அன்றைக்கு அவ்வளவுதான்.

தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாயை மக்கள் 'புது ஆறு' என்பார்கள். மேட்டூர் அணையோடு 1934இல் வந்த ஆறு ஆதலால் இன்றும் அது புதிதுதான். அதைக் கடந்து தெற்கே சில கிலோமீட்டர் போங்கள். தரை மெல்ல உயர்கிறது. மண் பழுப்பாகி, செம்மையாகி, சக்கரத்தின் அடியில் ஓசை மாறுகிறது. இதுவரை கேட்ட 'சள்' என்ற ஒலி போய், 'கரகர' என்று கேட்கிறது. அதுதான் சரளை!

மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் வெப்ப நாடுகளில் பாறை பன்னெடுங்காலம் சிதைந்து, கரையக்கூடியவை எல்லாம் கரைந்து போக, இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் தங்கி இறுகியதே செம்புரைக்கல். கேரளத்தில் இதைக் கண்ட புக்கனன் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர், 1807இல் வெளியான தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டிலும், கந்தர்வக்கோட்டை, ஆதனக்கோட்டைப் பக்கத்திலும் இது மலிந்து கிடக்கிறது. உடைந்தால் சுண்டைக்காய் அளவு உருண்டைகளும் செம்மண்ணுமாகப் பிரியும். உருண்டை வலிமை தரும். செம்மண் அவற்றைப் பிணைக்கும். பிசைந்து கொடுத்தாற்போல இயற்கையே செய்து வைத்த சாலைக் கலவை. 'கிராவல்' என்று லாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். வீட்டு மனையையும் தெருவையும் உயர்த்த டெல்டாவுக்குள் லாரி லாரியாக வருவதும் இதுவே. காவிரி கொண்டுவர மறுத்ததை லாரி கொண்டுவருகிறது. அதற்காக இங்கே தோண்டிய குழிகளையும் வழியில் பார்ப்பீர்கள். அவை அழகான காட்சி அல்ல.

புதுக்கோட்டை ஏரிகளின் நாடு. ஆறு என்று சொல்லத்தக்க பேராறு இல்லாததால், மழைநீரைத் தேக்க முன்னோர் வெட்டிய குளங்களும் கண்மாய்களும் ஐயாயிரத்துக்கு மேல். இடையிடையே முந்திரித் தோப்பு, முள்காடு, தைல மரக் காடு. நார்த்தாமலை போன்ற மொட்டைப் பாறைக் குன்றுகள். ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேர்வழி என்றால் கண்மாய்க் கரையும் சரளைத் தடமுமே. பஸ் பெரிய சாலையில் மட்டும் வரும். ஆண்கள் சைக்கிளில் போவார்கள். பெண்கள் தலைச்சுமையோடு நடப்பார்கள். அல்லது, கணவனோ அண்ணனோ கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் விடுவதற்காகக் காத்திருப்பார்கள். 1990 வரை இதுதான் நிலை.

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு கற்பிக்கும் அந்த இயக்கத்தோடு சைக்கிள் கற்பதையும் சேர்த்தவர் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத். தொண்டர்களாகச் சேர்ந்த பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். அழைத்துப்போக ஆண் துணையை எதிர்பார்த்தால் வேலை நடக்காது என்பது முதற்காரணம். ஆனால் தொடங்கிய பிறகு அது தொண்டர்களோடு நிற்கவில்லை. கூலிவேலை செய்யும் பெண்கள், கிராமச் செவிலியர், ஆசிரியைகள், கல்குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் மாலை வேளைகளில் வெட்டவெளிகளில் விழுந்தும் எழுந்தும் பழகினார்கள். சைக்கிளைப் பற்றி இயக்கத்துக்கென்று ஒரு பாட்டும் பிறந்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தில், கைப்பிடியில் கொடி கட்டிய சைக்கிள்களில் சுமார் 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தபோது, ஊரே வாசலில் வந்து நின்று பார்த்தது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுத்தன. பயிற்சி பெற்றுப் பொதுவிடத்தில் ஓட்டிக் காட்டியவர்கள் சில ஆண்டுகளில் 70,000க்கு மேல் என்று இச்செய்தியை நேரில் ஆராய்ந்து எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத் குறிப்பிடுகிறார்.

இதில் என் மனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. பெண்களுக்கென்று செய்த, குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள்கள் கடைகளில் தீர்ந்துபோயின. பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் விரும்புகிறோம் என்றும் சிலர் சொன்னார்கள்: குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா! பின்னால் கேரியரில் குடம் அல்லது மூட்டை. இவ்வளவும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் ஆகும். கியர் இல்லாத வண்டி. கீழே சரளை. கான்சாஸ் பந்தயம் தொடங்குவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு!

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கேலியும் ஏச்சும் இருந்தன. ஆனால் தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், வேலைக்குப் போய்த் திரும்பவும் ஆகும் நேரம் குறைந்தபோது வீடுகளில் வாய் அடங்கிற்று. பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒரு சிற்றூரில் மட்டும் விற்றுத் திரும்பியவர், சைக்கிளில் நான்கு சிற்றூர்களுக்குப் போக முடிந்தது. 2001–02இல் தமிழக அரசு பதினோராம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கியது. பிறகு அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இன்று காலையில் எந்தக் கிராமச் சாலையிலும் சீருடையணிந்த மாணவியர் சைக்கிளில் வரிசையாகப் போவதை நாம் வியப்பில்லாமல் பார்க்கிறோம்.

அந்தச் சாலைகளும் மாறிவிட்டன. 2000ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டமும் மாநிலத் திட்டங்களும் பெரும்பாலான சரளைச் சாலைகளின்மேல் தாரைப் பூசின. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவருக்குத் தார்ச் சாலையின் அருமை தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தார் வந்த இடத்தில் மோட்டார் வேகம் பிடிக்கிறது. சைக்கிள் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. பள்ளிக்குப் போகும் சிறுமிக்கு ஊர்ப் புறத்துக் கண்மாய்க் கரைத் தடமே, சற்றுச் சுற்று என்றாலும், அச்சமில்லாத வழியாக இருப்பதைப் பல ஊர்களில் காணலாம். ஊராட்சி ஆண்டுக்கு ஒருமுறை முள்ளை வெட்டி, பள்ளங்களில் நாலு வண்டி சரளை கொட்டினால் போதும், அந்த வழி நிற்கும். தாருக்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்குகூட ஆகாது. ஆனால் எந்தச் சாலைப் பட்டியலிலும் அந்தத் தடத்தின் பெயர் இராது.

நீங்கள் இந்த வழியில் போக விரும்பினால் தை, மாசி மாதங்களே ஏற்றவை. சம்பா அறுவடை முடிந்து களிமண் காய்ந்திருக்கும். வெடிப்பு இன்னும் ஆழமாகியிராது. கண்மாய்களில் தண்ணீர் இருக்கும். காரைக்கால் பக்கத்தில் பிற்பகலில் கிளம்பினால் கடற்காற்று முதுகில் தள்ளும். புது ஆற்றைத் தாண்டியதும் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். சரளையைவிட அங்கே அஞ்ச வேண்டியது சீமைக் கருவேல முள். கண்மாய்க் கரை முழுதும் அதுதான். ஒரே நாளில் மூன்று பஞ்சர் ஆவது அங்கே சாதாரணம். ஒட்டுத் துண்டும் பசையும் பம்பும் கையோடு இருக்கட்டும், ஊர்க் கடைக்காரரிடம் அடுத்த சைக்கிள் கடை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக்கொண்டே புறப்படுங்கள்.